தங்கம் தீர்ந்த சுரங்கத்தில் கரும்பொருள் வேட்டை

கரும்பொருள் துகளைப் பிடிக்க உலகில் அமைக்கப்பட்டுள்ள பெரிய உணர்கருவிகள் எல்லாமே நிலத்துக்கு அடியில்தான் இருக்கின்றன. இத்தாலியில் மலையின் வயிற்றுக்குள், கனடாவில் நிக்கல் சுரங்கத்தில், சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் நீர்மின் திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கப்பாதையை ஒட்டி, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மூடப்பட்ட தங்கச் சுரங்கத்தில். வானத்துப் பொருளைத் தேடுகிறவர்கள் மலை உச்சிக்குப் போவதுதான் வழக்கம். இந்தத் தேடலில் மட்டும் எவ்வளவு ஆழம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

தேடப்படுவது இருக்கிறது என்பதற்குச் சான்றுகள் எல்லாம் வானத்திலிருந்து வந்தவை. 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கோமா கொத்திலுள்ள விண்மீன் மண்டலங்களின் வேகத்தை அளந்தார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் அந்த வேகத்துக்கு அவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் சுழற்சியை அளந்தபோது, மையத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த விண்மீன்களும் வேகம் குறையாமல் சுற்றுவது தெரிந்தது. கண்ணில் படாத ஏதோ ஒன்றின் எடை அவற்றை இழுத்துப் பிடித்திருந்தது. பிரபஞ்சத்தின் பழைய ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் கணக்குப்படி, பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் நாம் அறிந்த அணுக்களின் பங்கு சுமார் 5 சதவீதம். கரும்பொருளின் பங்கு சுமார் 27 சதவீதம். மீதி கரும் ஆற்றல். அது வேறு கதை.

அந்த 27 சதவீதம் எதனால் ஆனது? பல ஊகங்கள் உண்டு. நீண்ட காலம் முன்வரிசையில் நின்றது ‘விம்ப்’ எனப்படும் துகள்: புரோட்டானைப் போலப் பத்து மடங்கோ ஆயிரம் மடங்கோ எடை கொண்டது, ஒளியோடு உறவே இல்லாதது, அணுக்கருவோடு எப்போதாவது அரிதாக மோதக்கூடியது. எடை நூறு புரோட்டான் என்று வைத்துக்கொண்டால், நம்மைச் சுற்றியுள்ள இடத்தில் லிட்டருக்கு மூன்று துகள்கள் வீதம் இருக்க வேண்டும். சூரியக் குடும்பம் பால்வீதியின் மையத்தை நொடிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுவதால், இந்தத் துகள்கள் நமக்கு எதிர்க்காற்றாக வீசும். கட்டைவிரல் நகத்தளவு பரப்பை நொடிக்கு அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட துகள்கள் ஊடுருவிப் போகும் என்கிறது கணக்கு. அத்தனையும் தடயமில்லாமல் போய்விடும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால், டன் கணக்கான பொருளில், ஒன்றிரண்டு எங்கோ ஓர் அணுக்கருவின் மேல் முட்டக்கூடும். 1985இல் மார்க் குட்மேனும் எட்வர்ட் விட்டனும் முன்வைத்த யோசனை அதுதான்: முட்டுப்பட்ட அணுக்கரு அதிர்வதைக் கவனியுங்கள்.

அந்த அதிர்வின் அளவுதான் எல்லாச் சிக்கலுக்கும் ஊற்று. பறக்கும் கொசு ஒன்றின் இயக்க ஆற்றலில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. இன்றைய கருவிகளுக்கு இதை உணர்வது பெரிய காரியமல்ல. இதே அளவு அதிர்வை உண்டாக்கக்கூடிய மற்ற எல்லாவற்றையும் விலக்குவதுதான் பெரிய காரியம். தரைமட்டத்தில் விரித்த உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒரு காஸ்மிக் கதிர் மியூவான் பாய்கிறது. ஒரு வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியத்தில் நொடிக்குப் பத்துப் பதினைந்து அணுக்கள் சிதைகின்றன. மனித உடம்பில், அதே பொட்டாசியத்தின் புண்ணியத்தில், நொடிக்கு நான்காயிரத்துக்கு மேல். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மோதல்களை எண்ண வேண்டிய கருவிக்கு, பக்கத்தில் நிற்கும் ஆராய்ச்சியாளரே பேரிரைச்சல். ஆக, இந்தத் துறையை இயற்பியல் என்பதைவிட இரைச்சல் ஒழிப்புத் தொழில் என்றால் பெரிய பிழை இல்லை.

பாறை முதல் கவசம். தெற்கு டகோட்டாவின் லீட் என்ற ஊரிலுள்ள ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் 1870களிலிருந்து 2002 வரை தங்கம் எடுத்தார்கள். அதன் 4,850 அடி மட்டத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், மியூவான்களின் வரத்து தரைமட்டத்தில் இருப்பதில் முப்பது லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த 1960களிலேயே ரே டேவிஸ் இந்த மட்டத்தில் ஒரு குகையை வெட்டச் செய்து, சலவைக் கடைகளில் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன் திரவத்தைச் சுமார் 3,80,000 லிட்டர் நிரப்பி, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை எண்ணினார். கோட்பாடு சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. கருவியில் கோளாறு என்று முப்பது ஆண்டுகள் பலர் முணுமுணுத்தார்கள். கோளாறு கருவியில் இல்லை. நியூட்ரினோ வழியில் வகை மாறுகிறது என்பது பின்னால் தெளிவானது. 2002இல் டேவிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் சுரங்கமும் மூடப்பட்டது.

கரும்பொருள் தேடலின் முதல் பரிசோதனையும் இந்தச் சுரங்கத்தில்தான் நடந்தது. ஒரு கிலோவுக்கும் குறைவான, ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகத்தை வைத்து 1987இல் வெளியான அந்த முடிவு, கனமான ஒருவகை நியூட்ரினோதான் கரும்பொருள் என்ற ஊகத்தை ஒரே அடியில் ஓரங்கட்டியது. ‘ஒன்றும் அகப்படவில்லை’ என்ற செய்திக்கும் இயற்பியலில் விலை உண்டு என்று இந்தத் துறை தொடங்கிய நாளிலேயே நிரூபணமானது.

இன்று டேவிஸின் தொட்டி இருந்த அதே குகையில் எல்.இசட். என்ற கருவி நிற்கிறது. லக்ஸ், செப்லின் என்ற இரண்டு முந்தைய பரிசோதனைகளின் பெயர்களை ஒட்டவைத்து வந்த பெயர் அது. உள்ளே மொத்தம் 10 டன் திரவ செனான். அதில் 7 டன் உணரும் பகுதி. ஒன்றரை மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள உருளை அது. செனானுக்குச் சில அரிய குணங்கள் உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரி செல்சியஸ் அளவில் திரவமாகிவிடும். தண்ணீரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி. அதற்கென்று நீண்ட ஆயுளுள்ள, தொந்தரவு தரும் கதிரியக்க வகை எதுவும் பெரிதாக இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிபட்டால் ஒளிரும்.

செனான் அணுக்கரு ஒன்றில் ஏதேனும் மோதினால் முதலில் புற ஊதா ஒளி மினுங்கும். உருளையின் மேலும் கீழும் அடுக்கப்பட்ட 494 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். மோதிய இடத்தில் கழன்ற எலக்ட்ரான்களை மின்புலம் மெல்ல மேலே இழுத்துச் செல்லும். திரவத்தின் மேற்பரப்பைத் தாண்டி மேலுள்ள வாயுப் படலத்துக்குள் அவை நுழையும்போது, இன்னொரு மினுக்கல், முதலாவதைவிடப் பெரியது. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம், மோதல் நடந்த ஆழத்தைச் சொல்லும். இரண்டாவது ஒளி மேல்தளத்தில் எந்தக் குழாய்களில் அதிகம் விழுந்தது என்பது கிடைமட்ட இடத்தைச் சொல்லும். இரண்டு ஒளிகளின் விகிதத்தைப் பார்த்தால், மோதியது அணுக்கருவிலா சுற்றியிருக்கும் எலக்ட்ரானிலா என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். சாதாரணக் கதிரியக்கம் எலக்ட்ரானைத் தட்டும். விம்ப் அணுக்கருவைத் தட்ட வேண்டும். இடம் தெரிவதில் இன்னொரு லாபம் உண்டு. சுவரிலிருந்து வரும் கதிரியக்கம் வெளிவிளிம்பிலுள்ள செனானிலேயே தேங்கிவிடும் என்பதால், ஓரத்தில் நடந்தவற்றை ஒதுக்கிவிட்டு நடுவில் நடப்பதை மட்டும் கணக்கில் கொள்ளலாம். செனானே செனானுக்குக் கவசம்.

இவ்வளவு ஏற்பாட்டையும் ஒரு சிட்டிகைத் தூசி கெடுத்துவிடும். தூசியில் யுரேனியமும் தோரியமும் இம்மியளவு இருக்கும். அவை சிதைந்து ரேடான் என்ற வாயு வரும். அது செனானில் கலந்து கருவியின் நட்டநடுவுக்கே போய்விடும். ஆகவே திருகு, கம்பி, ஒட்டுப்பசை வரை ஒவ்வொன்றும் கதிரியக்கச் சோதனையில் தேறிய பிறகே உள்ளே போகிறது. கலத்துக்கு இரும்பு வேண்டாமென்று தேர்ந்தெடுத்த டைட்டானியம். வாங்கிவந்த செனானிலும் கிரிப்டான் கலந்திருக்கும். அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலைகள் காற்றில் விட்ட கிரிப்டான்-85 உலகக் காற்று முழுவதும் பரவிக் கிடக்கிறது. காற்றிலிருந்து பிரிக்கும் செனானில் அதுவும் தொற்றிக்கொண்டு வரும். எல்.இசட். குழுவினர் செனானைக் கரித்தூள் நிரப்பிய கலங்கள் வழியாக ஓட்டி, கிரிப்டானை லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினார்கள். கலத்தைச் சுற்றி ஒளிரும் திரவத் தொட்டிகள். அவற்றைச் சுற்றி, டேவிஸ் குகையை நிறைத்தபடி, சுத்தமான தண்ணீர்.

ஈயத்தின் கதை இன்னும் சுவையானது. கதிர்களைத் தடுக்க ஈயம் நல்லது. ஆனால் புதிதாக உருக்கிய ஈயத்தில் ஈயம்-210 என்ற கதிரியக்க வகை கலந்திருக்கும். அதன் அரை ஆயுள் 22 ஆண்டு. சில நூறு ஆண்டு பொறுத்திருந்தால் தானாக அடங்கிவிடும். பொறுத்திருக்க யாருக்கு நேரம்? சார்தீனியா தீவுக்கருகே கடலடியில் கண்டெடுக்கப்பட்ட, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் மூழ்கிய ரோமானியக் கப்பலின் ஈயக் கட்டிகளில் ஒரு பகுதியை இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகம் வாங்கிக்கொண்டது. தொல்லியலாளர்களுக்கு மனசு வரவில்லை, நியாயம்தான். கட்டிகளின் முகப்பில் பொறித்த முத்திரைகளை வெட்டி அருங்காட்சியகத்துக்கு விட்டுவிட்டு, மிச்சத்தை உருக்கி, நியூட்ரினோவை ஆராயும் குவோரே என்ற பரிசோதனைக்குக் கவசமாக்கினார்கள்.

கிரான் சாஸோவுக்கு வேறொரு பெயரும் உண்டு: இந்தத் துறையின் தீராத வழக்கு நடக்கும் இடம். ரோமிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலை அப்பெனைன் மலையை ஊடுருவும் இடத்தில், சுரங்கப்பாதையிலிருந்தே பக்கவாட்டில் திரும்பி ஆய்வகத்துக்குள் காரோட்டிப் போய்விடலாம். தலைக்கு மேல் 1,400 மீட்டர் பாறை. இங்கே ரீட்டா பெர்னபெய் தலைமையிலான டாமா குழு, சோடியம் அயோடைடு படிகங்களை வைத்து 1990களிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்து வந்தது. பூமி சூரியனைச் சுற்றுவதால், ஜூன் தொடக்கத்தில் கரும்பொருள் காற்றை எதிர்த்து நாம் செல்லும் வேகம் சற்றுக் கூடும்; டிசம்பரில் குறையும். உண்மையில் துகள்கள் மோதுகின்றன என்றால், எண்ணிக்கையும் ஆண்டுதோறும் அதே தாளத்தில் ஏறி இறங்க வேண்டும். டாமாவின் எண்ணிக்கை அப்படியே ஏறி இறங்கியது. ஓராண்டு ஈராண்டு அல்ல, இருபது சுற்றுக்கு மேல். தற்செயல் என்று தள்ளவே முடியாத அளவுக்குப் புள்ளியியல் வலு.

ஆனால் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. டாமா சொல்லும் துகள் உண்மை என்றால் செனான் கருவிகள் மோதல்களால் நிரம்பி வழிந்திருக்க வேண்டும். ‘எங்கள் பொருள் வேறு, உங்கள் பொருள் வேறு’ என்பது டாமாவின் பதில். அதை ஒரேயடியாக மறுக்க, அதே சோடியம் அயோடைடை வைத்தே இன்னொருவர் அளந்தாக வேண்டியிருந்தது. ஸ்பெயினின் கன்ஃபிராங்க் சுரங்கத்தில் அனைஸ், தென்கொரியாவின் யாங்யாங்கில் கோசைன்-100 என்று இரண்டு குழுக்கள் அதைச் செய்தன; 2025 வாக்கில் இரண்டின் முடிவும் டாமாவுக்கு எதிராக அமைந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஸ்டாவெல் என்ற தங்கச் சுரங்கத்துக்குள் இன்னொரு கருவி அமைகிறது. அங்கே ஜூன் மாதம் குளிர்காலம். பருவ மாற்றம்தான் கருவியை ஏமாற்றுகிறது என்றால் தாளம் அங்கே தலைகீழாகும். டாமா உண்மையில் எதை அளந்தது என்பதற்கு ஒப்புக்கொண்ட விளக்கம் இல்லை. அந்தக் குழு தன் மூலத் தரவுகளைத் தொடக்கத்திலேயே பொதுவில் வைத்திருந்தால் இந்த வழக்கு கால் நூற்றாண்டு இழுத்திருக்காது என்று தோன்றுகிறது.

பொய்த்த நம்பிக்கைகள் வேறிடங்களிலும் உண்டு. மினசோட்டாவின் சூடன் இரும்புச் சுரங்கத்தில், ஏறக்குறைய தனிப்பூஜ்ய வெப்பநிலைக்குக் குளிர்வித்த ஜெர்மானியத் தகடுகளோடு காத்திருந்த சி.டி.எம்.எஸ். குழு, 2009 டிசம்பரில் இரண்டே இரண்டு நிகழ்வுகளை அறிவித்தது. பின்னணிக் கதிரியக்கமே அவ்விரண்டையும் தந்திருக்க ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்று அவர்களே அதே மூச்சில் சொன்னார்கள். 2020இல் கிரான் சாஸோவின் செனான்-1டி கருவி, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான எலக்ட்ரான் மோதல்களைக் கண்டது. நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் குவிந்தன. 2022இல் அதன் வாரிசான செனான்-என்டி அளந்தபோது அந்தக் கூடுதல் மாயமாகியிருந்தது. டிரிட்டியம் என்ற கன ஹைட்ரஜன் இம்மியளவு கலந்திருந்ததுதான் பெரும்பாலும் காரணம் என்று கருதப்படுகிறது.

இப்படி ஆசை கண்ணை மறைக்காமலிருக்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். தரவுகளுக்கு நடுவே போலி விம்ப் நிகழ்வுகளைக் கணினி ரகசியமாகத் தூவிவிடும். எது போலி என்பது பகுப்பாய்வு முடியும்வரை குழுவில் யாருக்கும் தெரியாது. இதற்கு உப்புத் தூவுவது என்று பெயர். வெறும் சுரங்கத்தில் பொன் துகளைத் தூவி, தங்கம் இருப்பதாகக் காட்டி ஏமாளிக்கு விற்கும் பழைய மோசடிக்கு அமெரிக்கச் சுரங்கத்தார் வைத்த பெயரும் அதுவே. தங்கச் சுரங்கத்துக்குள் உட்கார்ந்துகொண்டு தன்னைத் தானே ஏமாற்றிப் பார்த்துக்கொள்ளும் இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

எல்.இசட். 2022இல் வெளியிட்ட முதல் முடிவில், 60 நாள் தரவில், தேறிய நிகழ்வுகள் 335. எல்லாமே பின்னணிக் கணக்குக்குள் அடங்கின. 2024 ஆகஸ்டில் 280 நாள் தரவோடு வந்தபோதும் கரும்பொருள் இல்லை. 40 புரோட்டான் எடை அளவிலுள்ள துகளுக்கு அதுவரை உலகில் எட்டியிராத நுட்பம் மட்டும் கிடைத்தது. இதைத் தோல்வி என்று சொல்வது சுலபம், சரியல்ல. விம்ப் பற்றிய எளிய கணிப்புகளில், இசட் போசான் வழியாக மோதும் துகள் வெகுநாள் முன்பே அடிபட்டுப் போனது. ஹிக்ஸ் போசான் வழியாக மோதுவது எவ்வளவு அரிதாக இருக்குமோ, அந்த எல்லைக்குள்தான் இப்போது தேடல் நடக்கிறது. இடம் சுருங்குகிறது, தேடுவோர் களைத்ததால் அல்ல, தேடிய இடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து முடித்ததால்.

இந்தியாவுக்கு நிலத்தடி ஆய்வில் நல்ல தொடக்கம் இருந்தது. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965இல் டாடா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றிலும் அது காணப்பட்டது. அந்த ஆழத்தை வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளர்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது, தண்ணீர் ஏறிவிட்டது. ஹோம்ஸ்டேக்கும் மூடப்பட்டு, நீர் ஏறிய சுரங்கம்தான். அங்கே மாநில அரசும் ஒரு கொடையாளரின் ஏழு கோடி டாலரும் சேர்ந்து தண்ணீரை இறைத்து ஆய்வகமாக்கின. கோலாருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

இப்போது ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில், 550 மீட்டர் ஆழத்தில், 2017 முதல் சாகா அணு இயற்பியல் நிறுவனத்தின் சிறிய ஆய்வகம் இயங்குகிறது. அது யுரேனியச் சுரங்கம். இரைச்சலிலிருந்து தப்ப இரைச்சலின் தாய்வீட்டுக்கே போன கதை. கார் ஏ.சி.யில் பயன்படும் டெட்ராஃபுளூரோஎத்தேனை, கொதிநிலை தாண்டியும் கொதிக்காத நிலையில், நுண்துளிகளாக ஒரு பசைக்குள் நிறுத்தி வைக்கிறார்கள். அணுக்கரு ஒன்று அதிர்ந்தால் துளி குமிழாக வெடிக்கும். அந்தச் சத்தத்தை ஒலியுணரி பிடிக்கும். எடை குறைந்த துகள்களைத் தேட இது ஏற்ற முறை. ஆனால் 550 மீட்டர் இன்றைய போட்டிக்குப் போதாது.

ஆழமான இடமாகத் திட்டமிடப்பட்டது தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம். அங்கு வரவிருந்த பெரிய கருவி நியூட்ரினோவுக்கானது. அதே குகையில் கரும்பொருள் ஆய்வுக்கும் இடம் தருவது பற்றிப் பேச்சு இருந்தது. நியூட்ரினோ ஊரை அழிக்கும் என்று பரவிய அச்சத்துக்கு அறிவியலில் அடிப்படை இல்லை. மலையைக் குடையும்போது வெடி என்ன செய்யும், புலிகள் நடமாடும் காட்டு வழி என்னாகும் என்ற கேள்விகளுக்கு அடிப்படை உண்டு. முதல்வகைப் பேச்சை மறுப்பதில் காட்டிய அக்கறையை இரண்டாவது வகைக் கேள்விகளுக்கு ஊராருக்குப் புரியும்படி பதில் சொல்வதில் காட்டியிருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம். 2022இல் தமிழக அரசு, இத்திட்டத்துக்கு அனுமதியில்லை என்று உச்ச நீதிமன்றத்திலேயே தெரிவித்துவிட்டது.

இதற்கிடையே செனான் கருவிகள், எந்தக் கவசமும் தடுக்காத ஓர் இரைச்சலை எட்டிவிட்டன. சூரியனில் போரான்-8 சிதையும்போது பிறக்கும் நியூட்ரினோக்கள் செனான் அணுக்கருவைத் தட்டினால், எடை குறைந்த விம்ப் தட்டியதற்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. 2024இல் செனான்-என்டியும், சிச்சுவானில் 2,400 மீட்டர் பாறைக்குக் கீழே இருக்கும் பாண்டாஎக்ஸ்-4டியும் இந்த மோதலின் முதல் அறிகுறிகளைக் கண்டன. 2025 டிசம்பரில் எல்.இசட். இன்னும் வலுவான சான்றை அறிவித்தது. டேவிஸின் சலவைத் திரவத்தில் பெரும்பாலும் அகப்பட்டவை இதே போரான்-8 நியூட்ரினோக்கள்தான். முப்பதாண்டு அவர் தவமிருந்து எண்ணிய பொருள், அதே குகையில், இன்று கழிக்க வேண்டிய இரைச்சலாக வந்து நிற்கிறது.

இந்த எல்லைக்கு இத்துறையார் வைத்துள்ள பெயர் நியூட்ரினோ மூட்டம். மூட்டத்துக்குள் போனாலும் தேடல் நின்றுவிடாது. ஒவ்வொரு படி முன்னேறவும் முன்னைவிடப் பல மடங்கு தரவு வேண்டும், அவ்வளவுதான். அதிர்ந்த அணுக்கரு எந்தத் திசையில் நகர்ந்தது என்று அளக்க முடிந்தால் வழி உண்டு. நியூட்ரினோ சூரியனிருக்கும் பக்கத்திலிருந்து வரும். கரும்பொருள் காற்று சிக்னஸ் என்ற அன்னப் பறவை விண்மீன் கூட்டத்தின் பக்கமிருந்து வீசும். இரண்டு திசையும் ஒருநாளும் ஒன்றாவதில்லை. அப்படி அளக்கும் கருவிகள் இன்னும் சிறியவையாகவே இருக்கின்றன. அவை வளரும்வரை, எல்.இசட்.டும் செனான்-என்டியும் கைகோத்து 60 டன் அல்லது அதற்கு மேலும் செனான் கொண்ட ஒரே கருவியைத் திட்டமிடுகின்றன. உலகம் முழுவதும் ஓராண்டில் காற்றிலிருந்து பிரித்தெடுக்கப்படும் செனானே சில பத்து டன்கள்தான் என்பதால், குழாய் திறந்து நிரப்புவதுபோல் அதை நிரப்ப முடியாது; ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்க்க வேண்டும். செனான் கருவிக்குள் செலவாவதில்லை. ஆராய்ச்சி முடிந்ததும் அதை வடித்து விற்றுவிடலாம்.